ஓட்டைப் பிரித்தால் உள்ளே இற்றுப்போன மரம்: கூடுதல் பணம் யார் தலையில்?

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என் மாமனார் கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒழுகாத இடமே இல்லை என்றானதும் ஓடு மாற்றும் வேலையை ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தோம். “பழைய ஓட்டை இறக்கி, மரவேலை உட்பட, புது மங்களூர் ஓடு போட்டுத் தர மொத்தம் ரூ. 4,80,000, மீதித் தொகை வேலை முடிந்தபின்” என்று அவரே தன் லெட்டர்பேடில் எழுதினார், இருவரும் கையெழுத்துப் போட்டோம். இதுவரை 3,50,000 கொடுத்திருக்கிறோம். ஓட்டை இறக்கிய பிறகு, சுவருக்குள் இருந்த உத்தரத்தின் இரண்டு முனைகள் இற்றுப்போனதாகவும், ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்களில் ஒன்பதைக் கரையான் தின்றுவிட்டதாகவும் சொன்னார். என் கணவர் போனில், “செய்யுங்க, பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டார். மரத்தை மாற்றிவிட்டு இப்போது 1,70,000 கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்காவிட்டால் வேலை நடக்காது, போலீஸுக்குப் போவேன் என்கிறார். பாதி வீடு திறந்து கிடக்கிறது, ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டது. கொடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: முதலில் மழை, அப்புறம் சட்டம். இன்றைக்கே தார்ப்பாய் வாங்கிக் கட்டுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவரிடம் நஷ்டஈடு கேட்க வழி தருகிறது. ஆனால் அந்த நஷ்டத்தைக் குறைக்க உங்கள் கையில் என்ன வழி இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. சுவர் ஊறட்டும், கட்டில் நனையட்டும், எல்லாவற்றையும் அவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் அந்தக் கணக்கு நிற்காது. தார்ப்பாய்ச் செலவு சின்னது, அதைத் தயங்காமல் கேட்கலாம்.

தார்ப்பாய் கட்டுவதற்கு முன்பே, மேலே எதையும் தொடாமல் படம், வீடியோ எடுத்துவிடுங்கள். உள்ளூரில் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிவந்து, எந்த மரம் மாறியிருக்கிறது, எத்தனை கன அடி, என்ன மரம், இன்றைய விலையில் மரமும் கூலியும் என்ன வரும், எவ்வளவு வேலை பாக்கி என்று எழுதி வாங்குங்கள். இந்த வழக்கு எங்கே போனாலும் அந்த இரண்டு பக்கக் காகிதம்தான் பேசும்.

சரி, கூடுதல் பணத்துக்கு வருவோம். “மரவேலை உட்பட” என்ற இரண்டு சொல்லில்தான் சிக்கலே. மொத்த மரமும் சேர்த்துத்தான் 4,80,000 என்பீர்கள் நீங்கள். ஓடு உட்காரும் ரீப்பரை மட்டும்தான் சொன்னேன் என்பார் அவர். சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வந்தால், எழுதியவருக்குப் பாதகமான அர்த்தத்தை எடுப்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் ஒரு விதி. எழுதியவர் அவர், அது உங்களுக்குச் சாதகம். அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருப்பது. அங்கே ஈரம் ஏறி மரம் இற்றுப்போனால், ஓட்டையும் சுவரின் மேல்வரிசையையும் பிரிக்காமல் யார் கண்ணுக்கும் தெரியாது. விலை பேசியபோது அதையும் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று அவர்மேல் போடுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

கைமரம் அப்படியில்லை. கரையான் ஏறிய மரத்தில் மண்கோடு தெரியும், தட்டினால் சத்தமே காட்டிக்கொடுக்கும். ஓட்டு வேலையே தொழிலாக வைத்திருப்பவர், விலை சொல்வதற்கு முன் ஏணி போட்டு ஏறி ஒரு சுற்று தட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் மொத்த விலை சொன்னவர், அந்தத் தவற்றின் செலவு முழுவதையும் உங்கள்மேல் தள்ள முடியாது. பரண் அடைத்திருந்தது, பார்க்க விடவில்லை என்று அவர் சொல்லக்கூடும். அது உண்மையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது உங்கள் கணவர் சொன்ன “பார்த்துக்கலாம்”. நம் ஊரில் இந்தச் சொல்லால் வந்த வழக்குகளுக்குக் குறைவே இல்லை. சொன்னவருக்கு அது ‘பிறகு பேசுவோம்’, கேட்டவருக்கு ‘பணம் வந்துவிடும்’. வாய்மொழி ஒப்புதலும் ஒப்புதல்தான். எழுதவில்லை என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது. ஆனால் விலைக்கு உங்கள் கணவர் ஒத்துக்கொள்ளவில்லையே! தொகை பேசாத வேலைக்கு என்ன கொடுப்பது? அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு இங்கே வருகிறது. ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டு ஒரு வேலையைச் செய்கிறார், இலவசமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை, அதன் பலனை மற்றவர் அனுபவிக்கிறார் என்றால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் விளக்கியது. வேண்டாம் என்று மறுக்க வாய்ப்பிருந்தும் ஏற்றுக்கொண்டாரா என்பதும் முக்கியம் என்றது. உங்கள் கணவருக்கு அந்த வாய்ப்பு இருந்தது, “செய்யுங்க” என்றார்.

ஆகவே ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கேட்கும் 1,70,000-ஐ அப்படியே கொடுக்கவும் வேண்டியதில்லை. செய்த வேலையின் நியாயமான மதிப்புத்தான் கணக்கு. ஒரு பேச்சுக்கு, இன்ஜினியர் உத்தரத்துக்கு 50,000, கைமரங்களுக்கு 60,000 என்று மதிப்பிட்டால், உத்தரத்துக்கு முழுசும் கைமரத்துக்குப் பாதியும் சேர்த்து 80,000 தருகிறேன் என்று சொல்லுங்கள். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் பேச்சை அங்கேதான் தொடங்குவேன்.

வேலையை நிறுத்தியது தனி விஷயம். மீதித் தொகை வேலை முடிந்தபின் என்று அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் தவணை எதுவும் பாக்கி வைக்கவில்லை. தகராறில் இருக்கும் கூடுதல் தொகையைக் காட்டி, கூரையைப் பிரித்த வீட்டை மழையில் விட்டுப் போக அவருக்கு உரிமை கிடையாது. இந்த இடத்தில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, கடிதத்தில் அதை முன்னால் வையுங்கள். ஒப்பந்தத் தேதி, கொடுத்த பணம், வேலை நின்ற நாள், நீங்கள் தர ஒத்துக்கொள்ளும் தொகை, ‘ஏழு நாளில் வேலையைத் தொடங்காவிட்டால் வேறு ஆள் வைத்து முடித்து, அதிகப்படியான செலவை உங்களிடம் கேட்பேன்’ என்ற வரி. இவ்வளவு போதும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். நாளைக்கு நீதிபதியும் படிப்பார்.

போலீஸ் என்றால் பயப்படாதீர்கள். கூலி பாக்கி பற்றிய தகராறு சிவில் விஷயம், வசூலித்துத் தருவது காவல் நிலையத்தின் வேலை இல்லை. கூப்பிட்டால் போய் ஒப்பந்த நகலைக் காட்டுங்கள். அங்கே வைத்து எழுதித் தரச் சொன்னால் மட்டும் எழுதித் தராதீர்கள்.

ஏழு நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வீடு கட்டும் வேலையையும் ‘சேவை’ என்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சில ஒப்பந்தக்காரர்கள் அந்த அழைப்பிலேயே இறங்கி வருவார்கள். அவரும் தன் கூலிக்காக மூன்று வருஷத்துக்குள் சிவில் வழக்குப் போட முடியும் என்பதை மறக்க வேண்டாம். 80,000 தருகிறேன் என்ற உங்கள் கடிதம் அன்றைக்கு உங்களைக் காப்பாற்றும்.

நீங்கள் கேட்காத ஒன்று: இறக்கிய பழைய மரம் எங்கே? அறுபது வருஷத்து வீட்டில் உத்தரம் தேக்காக இருக்கலாம். முனைதான் இற்றிருக்கிறது, நடுமரம் வைரம் பாய்ந்து கிடக்கும், பழைய மரக்கடையில் அதற்கு நல்ல விலை உண்டு. ஒப்பந்தத்தில் அவருக்கு என்று எழுதாதவரை அந்த மரம் உங்களுடையது. லாரியில் ஏற்றிப் போயிருந்தால், அதன் மதிப்பை இன்ஜினியரிடம் கேட்டு அந்த 80,000-இலிருந்து கழித்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.