அக்விடேன் எலினோரைப் பற்றிச் சிறாருக்கு நாவல் எழுதுவதானால் எங்கிருந்து தொடங்கலாம்?

12-ஆம் நூற்றாண்டில் முதலில் பிரான்சுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் அரசியாக இருந்த அக்விடேன் எலினோரை வைத்து, 10 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்று நாவல் எழுத விரும்புவதாகச் சொல்லி, அவருடைய துணிச்சலைக் காட்ட எந்த நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளலாம், எவற்றை விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை இளவரசியாக அறிமுகப்படுத்தாதீர்கள், பாட்டியாக அறிமுகப்படுத்துங்கள். 1200-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், 75 வயதை எட்டிவிட்ட நிலையில், பைரனீஸ் மலையைக் கடந்து, இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் நாட்டுக்குப் போய், தம் மகள் வயிற்றுப் பேத்தி பிளான்ஷை அழைத்துக்கொண்டு அவர் திரும்பினாரே, அந்தப் பயணம் ஒன்றே உங்கள் நாவலைத் தாங்கப் போதுமானது.

சிறார் நூல்களின் கையெழுத்துப் படிகளை அச்சுக்குப் போகும் முன் படித்துத் திருத்துவது என் தொழில். அரசிகளைப் பற்றி வரும் படிகளில் சிறுவயதுப் பகுதி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும்: பெண் தையல் வேலையை வெறுப்பாள், மரம் ஏறுவாள், அண்ணனின் வாளை எடுத்துச் சுழற்றுவாள், திருமணம் வேண்டாம் என்று தந்தையோடு வாதாடுவாள். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அதே பெண்ணை எந்த நாட்டு அரண்மனையிலும் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்பதுதான் என் மனக்குறை. எலினோரின் இளமையைப் பற்றிச் சமகாலத்தவர் எழுதி வைத்தது மிகவும் குறைவு. அவர் 1122-இல் பிறந்தாரா 1124-இல் பிறந்தாரா என்பதிலேயே இரு கணக்குகள் உண்டு, கூந்தல் என்ன நிறம் என்பதைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பப் புகும்போதுதான் எழுத்தாளர்கள் எல்லாரும் அந்த மரமேறும் பெண்ணிடம் போய்ச் சேர்கிறார்கள். முதுமைப் பருவத்துக்கோ சாசனங்களும் கடிதங்களும் அக்காலத்து வரலாற்றுக் குறிப்பேடுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன.

விட்டுவிட வேண்டியவை மூன்று. 1147-இல் கணவர் ஏழாம் லூயியோடு இரண்டாம் சிலுவைப் போருக்குப் போனபோது எலினோர் போர்வீராங்கனை வேடமிட்டு, தோழியர் படையோடு குதிரையேறினார் என்னும் கதை முதலாவது. பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய பைசாந்திய வரலாற்றாசிரியர் ஒருவர், படைகளோடு வந்த பெண்கள் ஆண்களைப் போலக் குதிரையில் அமர்ந்து வந்ததாகப் பெயர் சொல்லாமல் எழுதிய வரிகளைப் பிற்காலத்தவர் எலினோர்மேல் ஏற்றி, ஆடை அணிகளும் பூட்டி வளர்த்துவிட்டார்கள். இரண்டாவது, இரண்டாம் கணவர் இரண்டாம் ஹென்றியின் காதலி ரோசமண்டை ஒரு புதிர்வழி மாளிகையில் தேடிக் கண்டுபிடித்து, நஞ்சுக் கோப்பையையும் குத்துவாளையும் நீட்டி ஒன்றைத் தேர்ந்தெடு என்றார் என்பது. ரோசமண்ட் ஏறத்தாழ 1176-இல் இறந்தபோது எலினோரே கணவரின் காவலில் கைதியாக இருந்தார் என்பதால் இது நடந்திருக்க வழியில்லை. மூன்றாவது, எலினோர் காதலர்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னதாகக் கூறப்படும் காதல் வழக்கு மன்றங்கள். அவை அக்காலத்து இலக்கிய விளையாட்டு. பிள்ளைகளுக்கு அது தேவையும் இல்லை.

இனி அந்தப் பயணத்துக்கு வருகிறேன். 1199 ஏப்ரலில் எலினோரின் மகனான இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் அம்புக் காயத்தால் இறந்து, தம்பி ஜான் அரியணை ஏறியிருந்தார். பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்புக்கும் ஜானுக்கும் இடையே அமைதி பேசப்பட்டபோது, பிலிப்பின் மகன் லூயிக்கு ஜானின் சகோதரி மகள் ஒருத்தியை மணமுடித்துக் கொடுப்பது நிபந்தனைகளில் ஒன்றாயிற்று. காஸ்டீல் அரசி, எலினோரின் மகள். தாயின் பெயரையே கொண்டவர். 1170 வாக்கில் சிறுமியாக அங்கே அனுப்பப்பட்டவர். அந்த மகளைத் தாய் ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்துச் சந்திக்கிறார். எலினோருக்குப் பிறந்த 10 குழந்தைகளில் அந்த நேரத்தில் உயிரோடு இருந்தவர்கள் இந்த மகளும் ஜானும் மட்டுமே என்பதை நினைத்துப் பாருங்கள்: முதல் திருமணத்து மகள்கள் இருவரும் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பும், ரிச்சர்டும் மகள் ஜோனும் சில மாதங்களுக்கு முன்பும் இறந்திருந்தார்கள். துக்கம் ஆறாத ஒரு முதியவர் குளிர்காலத்தில் மலை கடக்கிறார். அவரை யாரும் கட்டாயப்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒரு தூதரையும் இரண்டு ஆயர்களையும் அனுப்பியே வேலையை முடித்திருக்கலாம்.

சாகசம் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்பார். அதுவும் வழியிலேயே கிடக்கிறது. போகும்போதே லூசிஞ்ஞான் குடும்பத்துப் பிரபுவான ஹ்யூ என்பவர் முதிய அரசியை மறித்துப் பிடித்து, லா மார்ஷ் என்னும் நிலப்பகுதியைத் தமக்கு விட்டுக்கொடுத்தால்தான் வழிவிடுவேன் என்று நிற்கிறார். எலினோர் அதைக் கொடுத்துவிட்டு மேலே நடக்கிறார். இந்த இடத்தில் வாள்வீச்சு ஒன்றைச் சேர்க்க உங்கள் கை துறுதுறுக்கும், சேர்க்காதீர்கள். எதை இழந்து எதைக் காப்பாற்றுவது என்று நின்ற இடத்திலேயே கணக்குப் பார்த்து, முகம் மாறாமல் முடிவெடுக்கத் தெரிந்தவர் அவர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி அவருடைய வாழ்க்கையிலேயே குறைவு. 12 வயதுக் குழந்தைக்கு இது புரியுமா என்று ஐயப்பட வேண்டாம். விளையாட்டில் ஒரு காயை விட்டுக்கொடுத்து ஆட்டத்தைப் பிடிக்கத் தெரிந்த வயதுதான் அது.

காஸ்டீலில் அவர் இரண்டு மாத அளவு தங்கினார். மணப்பெண்ணாகப் பிளான்ஷின் அக்காள் உர்ராக்காவைத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள் என்றும், எலினோரே தங்கையைத் தேர்ந்தெடுத்தார் என்றும் மரபாகச் சொல்லப்படுகிறது. நாவலாசிரியருக்கு இது வரப்பிரசாதம். இரண்டு பேத்திகளைப் பாட்டி அந்த இரண்டு மாதமும் கவனித்துக்கொண்டே இருக்கிறார், தாங்கள் கவனிக்கப்படுவது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது என்று வைத்தால், ஒரு போர்க்களமும் இல்லாமல் 40 பக்கங்களைப் பதற்றத்தோடு நகர்த்தலாம். காட்சிகள் நடக்கும் இடத்துக்கு, பிளான்ஷின் பெற்றோர் புர்கோஸ் நகருக்கு அருகே 1187-இல் நிறுவிய லாஸ் வேல்காஸ் பெண்துறவியர் மடம் இருக்கிறது.

பிளான்ஷ் 1188 மார்ச்சில் பிறந்தவர். பயணத்தின்போதுதான் அவருக்கு 12 நிரம்புகிறது, மணமகன் லூயிக்கும் அதே வயது. இந்தத் திருமணத்தை அவர் எதிர்த்துப் பேசுவதாக எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த வயதில் ஒரு பெண்ணைக் கேட்காமலே மணமுடித்து வேற்று நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பது உண்மை. அதை மறைத்துவிட்டு அவள் வாயில் நம் காலத்துச் சொற்பொழிவை வைத்தால், படிக்கும் பிள்ளை அந்தக் காலத்தின் கடுமையையும் உணராது, அதற்குள் நின்று அவள் எடுத்துக்கொண்ட சிறு சுதந்திரங்களையும் உணராது. அச்சம் இருக்கட்டும், கேள்விகள் இருக்கட்டும். கேட்கவும் நிறைய இருக்கிறது, ஏனென்றால் அவள் புகப்போவது எளிய வீடு அல்ல. மாமனாராகப் போகிற பிலிப் மன்னர் 1193-இல் டென்மார்க் இளவரசி இங்கபோர்க்கை மணந்து, மறுநாளே அவரை விலக்கி, மடங்களில் அடைத்துவிட்டு வேறொருத்தியை மணந்திருந்தார். அதற்குத் தண்டனையாகப் போப்பாண்டவர் விதித்த தடையால் 1200-இன் தொடக்கத்தில் பிரான்சில் தேவாலய வழிபாடுகளே நின்றுபோயிருந்தன. மருமகளாகப் போகும் சிறுமி இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாளா? அவள் கேட்பதும், அதே அனுபவத்தைத் தம் உடம்பிலேயே பட்டிருக்கும் பாட்டி பதில் சொல்வதும்தான் நாவலின் நடுப்பகுதி.

பழைய வாழ்க்கை முழுவதும் இப்படிப் பாட்டியின் பேச்சுவழியே வரட்டும். 1137-இல் தந்தை யாத்திரை போன இடத்தில் இறந்துவிட, அக்விடேன் என்னும் பெருநிலத்துக்கு உரிமைக்காரியான சிறுமியை அதே ஆண்டு ஜூலையில் போர்டோ நகரில் ஏழாம் லூயிக்கு மணம் செய்து வைத்தார்கள்; ஒரு வாரத்துக்குள் மாமனார் இறந்து அவர் பிரான்சின் அரசியானார். 1152 மார்ச்சில் அந்தத் திருமணம் நெருங்கிய உறவுமுறை என்ற காரணம் சொல்லி ரத்தாயிற்று. ஆண் வாரிசு இல்லை என்பதே உள்ளே இருந்த கவலை. இதைப் பிள்ளைகளிடம் சுற்றி வளைக்காமல் சொல்லலாம். ஊர் திரும்பும் வழியில், அவர் நிலத்துக்கு ஆசைப்பட்ட இரண்டு இளம் பிரபுக்கள், ஒருவர் பின் ஒருவராக, அவரைக் கடத்திக் கட்டாய மணம் செய்துகொள்ளத் திட்டமிட்டார்கள். இருவரிடமிருந்தும் தப்பித் தம் ஊரான புவாத்தியே போய்ச் சேர்ந்தார். எட்டு வாரங்களில், மே 18 அன்று, தம்மைவிட ஒன்பது வயதுக்குக் குறையாமல் இளையவரான ஹென்றியைத் தாமே முடிவு செய்து மணந்தார். 1154 டிசம்பரில் இங்கிலாந்தின் அரசியாக முடிசூடினார். இந்த எட்டு வாரங்களுக்கு ஓர் அத்தியாயம் முழுதாகக் கொடுங்கள்.

1173-இல் மகன்கள் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தபோது தாய் மகன்கள் பக்கம் நின்றார். ஆணுடையில் தப்பிப் போகையில் பிடிபட்டார் என்று அக்காலத்துத் துறவி ஒருவர் எழுதியிருக்கிறார். உங்களுக்கு மாறுவேடக் காட்சி வேண்டுமானால் ஆதாரமுள்ளது இதுதான். அதன் பிறகு 1189-இல் ஹென்றி இறக்கும் வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள் காவல். நாவல்கள் இந்த ஆண்டுகளை ஒரு பத்தியில் தாண்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கோ, 50 வயதில் அடைபட்டு 65 வயதில் வெளியே வந்தவர் முதல் வேலையாக என்ன செய்தார் என்பதுதான் வியப்பு: ரிச்சர்டின் பெயரால் நாடு முழுதும் சுற்றி, சிறைக் கைதிகளை விடுவிக்க ஆணையிட்டார். ரிச்சர்ட் ஜெர்மனியில் சிறைப்பட்டபோது கேட்கப்பட்ட 1,50,000 மார்க் மீட்புப் பணத்தில் பெரும்பகுதியைத் திரட்டவைத்து, தாமே நேரில் போய் 1194 பிப்ரவரியில் மகனை மீட்டார். திரட்டிய விதம் இனிமையானது அல்ல. வருமானத்தில் கால்பங்கு வரியாகப் போயிற்று, தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்களும் போயின. பாட்டி இதைப் பெருமையாகச் சொல்ல, கூட வரும் பணிப்பெண் ஒருத்தி தன் வீட்டு நிலைமையைச் சொல்லட்டும். எலினோரைக் குற்றமற்றவராக ஆக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

புழங்கு பொருள்களில் கவனம் வேண்டும்: விருந்தில் உருளைக்கிழங்கும் தக்காளியும் வைத்துவிடாதீர்கள், அவை ஐரோப்பாவுக்கு வர இன்னும் மூன்று நூற்றாண்டு இருக்கிறது. எலினோர் முதல் திருமணத்தின்போது லூயிக்குக் கொடுத்த படிகக் குடுவை இன்றும் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பாட்டியின் நினைவில் ஒருமுறை வரவழைக்கலாம்.

திரும்பும் வழியில் ஈஸ்டர் வாரத்தில் போர்டோவில் தங்கியிருந்தபோது, ரிச்சர்டின் கூலிப்படைத் தலைவராக இருந்த மெர்க்காடியே அந்நகரில் கொலையுண்டார். களைத்துப்போன எலினோர் ஃபான்டெவ்ரோ மடத்தில் நின்றுகொள்ள, போர்டோவின் பேராயர் சிறுமியை வடக்கே அழைத்துப் போனார். மே 23 அன்று, பிரான்சில் வழிபாட்டுத் தடை இருந்ததால், ஜானின் ஆட்சியிலிருந்த நார்மண்டியில் போர்மோர் என்னும் ஊரில் திருமணம் நடந்தது. பாட்டி அங்கே இல்லை. நாவலை அந்தத் திருமண நாளோடு முடித்துவிடுங்கள். 1204-இல் எலினோர் இறந்ததையும் கல்லறையையும் கொண்டுவந்து பிள்ளைகளை அழவைக்க வேண்டாம்.

மிச்சத்தை இரண்டு பக்கப் பின்னுரையில் வைக்கலாம். 1202-இல் மிராபோ கோட்டையில் எலினோரைச் சொந்தப் பேரனான ஆர்தரே முற்றுகையிட்டதும், ஜான் விரைந்து வந்து மீட்டதும், 1226-இல் கணவரை இழந்த பிளான்ஷ் 12 வயது மகன் ஒன்பதாம் லூயியின் பெயரால் பிரான்சை ஆளத் தொடங்கியதும் அங்கே இடம்பெறட்டும். பயணத்தில் பாட்டியும் பேத்தியும் என்ன பேசினார்கள் என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை, அந்த உரையாடல்கள் அனைத்தும் உங்கள் கற்பனை, பணிப்பெண்ணும் கற்பனை என்பதையும் அதே பின்னுரையில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி 'இது நிஜமா?' என்பதுதான்.