வில்லியமீனா முழுசாகவே இருக்கட்டும்

கேள்வி: நான் மதுரைப் பெண், கணவர் ஸ்காட்லாந்துக்காரர். இன்வர்னஸில் இருக்கிறோம். அடுத்த மாதம் முதல் குழந்தை, பெண் என்று தெரியும், தாரா என்று பெயரும் முடிவாகிவிட்டது. போன வருடம் மாமியார் தவறிவிட்டார். அவர் பெயர் வில்லியமீனா, வீட்டில் ஈனா. அந்த முழுப்பெயரை மிடில் நேமாக வைக்க வேண்டும் என்கிறார் கணவர். எனக்கு அது கனமான, பழைய பெயராகத் தெரிகிறது. ஈனா மட்டும் போதுமே என்றால் என் அம்மா, "ஈனம்னு காதுல விழுது, நடுவுல ஒரு பேர் வைக்கிறது நம்ம வழக்கமே இல்லை" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முழுப்பெயரையே வையுங்கள் தோழி. காரணத்தைச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் வட பகுதியில், குடும்பத்து ஆண் ஒருவரின் பெயரைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் பிறந்தது பெண் என்றால், அந்தப் பெயரின் வாலில் ஓர் 'ஈனா'வைச் சேர்த்துப் பெண்ணுக்கே வைத்துவிடுவது பழைய வழக்கம். டொனால்டீனா, மர்டீனா, ஹ்யூகீனா, ஜேம்ஸீனா எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். உங்கள் மாமியாரின் பெயரும் பெரும்பாலும் இப்படி ஒரு வில்லியமுக்காக வைத்ததாகத்தான் இருக்கும், அது தாத்தாவோ, சித்தப்பாவோ. ஈனா என்று மட்டும் பதிவு செய்தால் வால் மிஞ்சும், அவர்கள் வீட்டார் யாருக்காக அந்தப் பெயரை வைத்தார்களோ அவர் போய்விடுவார். உங்கள் கணவர் இதையெல்லாம் யோசித்துக் கேட்டிருக்க மாட்டார், அம்மா போன துக்கத்தில் அம்மாவின் பெயர் அப்படியே வேண்டும் என்று மனசு கேட்கிறது, அவ்வளவுதான். ஆனால் அவர் கேட்டது சரியான பெயர்.

அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது. பேரன், பெயரன். பாட்டி தாத்தா பெயரைத் தாங்குகிற பிள்ளை என்றுதானே அர்த்தம், அப்புறம் எப்படி வழக்கமில்லை ஆகும்? நடுவில் வைப்பது மட்டும்தான் புதிது, அதுகூட நமக்கு வசதிதான். மாமியார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அதைச் சொல்லி அதட்ட முடியாமல், பாப்பா, கண்ணு என்றே வளர்த்த மருமகள்கள் நம் ஊரில் எத்தனை பேர்! நடுவில் இருக்கிற பெயர் சான்றிதழில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும், நீங்கள் தாரா என்றே கூப்பிடலாம், கோபம் வந்தாலும். இரண்டாவது, ஸ்காட்டிஷ் பழைய முறைப்படி முதல் பெண்ணுக்கு அம்மாவின் அம்மா பெயர்தான், அப்பாவின் அம்மா பெயர் இரண்டாவது பெண்ணுக்கு. அந்தக் கணக்கில் முதல் உரிமை உங்கள் அம்மாவுடையது, அதை அவர் சம்பந்திக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும்.

பெயர் கனமாக இருக்கிறது என்கிறீர்களே, ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். வில்லிய - மீனா. மதுரைக்காரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்! இது நானாக ஒட்டவைப்பதும் இல்லை, 1857-இல் டண்டீயில் பிறந்த வில்லியமீனா ஃப்ளெமிங்கையும் மீனா என்றுதான் கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் வானாய்வகத்தின் இயக்குநர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அந்தப் பெண், பிறகு அதே வானாய்வகத்தில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை வகைப்படுத்தினார், 1888-இல் குதிரைத்தலை நெபுலாவைக் கண்டுபிடித்தார். தாரா என்றாலே நட்சத்திரம்தான். எனக்கு இதை எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது. உங்கள் அம்மா பேத்தியை மீனா என்றே கூப்பிடட்டும், ஈனம் என்ற பேச்சும் அதோடு போகும்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், இங்கிலாந்தில் இருக்கும் சிநேகிதிகள் 42 நாள் என்பார்கள், அது அவர்கள் ஊர் கணக்கு. எழுத்தை மாமியாரின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து அப்படியே எழுதுங்கள், வில்ஹெல்மீனா என்று ஜெர்மன் சாயலில் இன்னொரு வடிவமும் உண்டு, தூக்கமில்லாத நாட்களில் ஓர் எழுத்து மாறிவிட்டால் பின்னால் அலைச்சல். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி நடுப்பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

கணவருக்கு அக்காவோ தங்கையோ இருந்தால் அவரிடம் முதலில் பேசிவிடுங்கள். அவரும் தன் பிள்ளைக்கு இதே பெயரை மனதில் வைத்திருக்கலாம், பதிவு செய்தபிறகு தெரிந்தால் அந்த வருத்தம் லேசில் ஆறாது. பேசும்போது அந்த வில்லியம் யார், எந்த ஊர், என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாரா நாலைந்து வயதில், எனக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்பாள்.