'டோட்டல் லாஸ்' கார் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முடிச்சூரில் மூழ்கிய 2021 மாடல் கார் ஒன்று விலைக்கு வருகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் ஆக்கிவிட்டது. ஏலத்தில் எடுத்த புரோக்கர் இரண்டரை லட்சம் கேட்கிறார். எழுபதாயிரம் செலவு செய்தால் நன்றாக ஓடும் என்கிறார் என் மெக்கானிக். ஆர்சி இன்னும் முதல் உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது இருக்கிற நிலையில் வாங்காதீர்கள்.

பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும், காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி போட்டிருக்கும் மதிப்பு அது. ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால், கம்பெனி ரிப்பேருக்குப் பணம் தராது. ஐடிவியைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். அதுதான் டோட்டல் லாஸ். உங்கள் காரின் ஐடிவி ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் நாலரை லட்சத்துக்கு மேல் வேலை இருப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதை எழுபதாயிரத்தில் முடிப்பவர் எதையெல்லாம் மாற்றாமல் விடப் போகிறார்? இன்ஜினைக் கழற்றிக் கழுவி ஓட வைத்துவிடலாம். தண்ணீர் புகுந்த வயரிங்கும் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டும் அப்படி இல்லை. கனெக்டருக்குள் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து நெடுஞ்சாலையில்தான் வேலையைக் காட்டும்.

"புது வண்டி சார், மூணு வருஷம்கூட ஓடலை" என்பதுதான் புரோக்கர் போடும் தூண்டில். டோட்டல் லாஸ் கார்களில் இந்தக் கணக்கு தலைகீழ். வண்டி எவ்வளவு புதுசோ, ஐடிவி அவ்வளவு அதிகம். அந்த 75 சதவீதத்தைத் தாண்ட அடியும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்.

பழைய காருக்கு மட்டும் நான் இப்படிக் கறாராகச் சொல்ல மாட்டேன். 2012 மாடல், ஐடிவி 1.6 லட்சம் என்றால், 1.2 லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் வந்தாலே டோட்டல் லாஸ். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இரண்டு கதவு, பானெட், பம்பர், ஹெட்லைட் புதிதாகப் போட்டுப் பெயிண்ட் அடித்தாலே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். அதே வேலையை, பழைய உதிரி பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கி, தெரிந்த டிங்கரிங் பட்டறையில் மிகக் குறைந்த செலவில் முடிக்கலாம். சேஸிஸ் (அடிச்சட்டம்), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), ஏப்ரன் (இன்ஜின் பக்கத் தகடு) எதிலும் அடி இருக்கக் கூடாது, தண்ணீர் உள்ளே ஏறியிருக்கக் கூடாது. அந்த உரிமையாளரே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கழிவு விலையை, அதாவது அடிபட்ட காரை விற்றால் கிடைக்கும் விலையை, கழித்துக்கொள்ளச் சொல்லிக் காரைத் தன்னிடமே வைத்திருந்தால் இன்னும் நல்லது. எஸ்டிமேட் அவர் கையில் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கே அடி என்பது அதில் வரிவரியாக இருக்கும். இப்படி வாங்கி ஏழெட்டு வருடம் நிம்மதியாக ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் கார் அந்த வகை இல்லை. அதற்கு மேல், நடுவில் புரோக்கர் இருக்கிறார்.

கையெழுத்து மட்டும் போட்ட பெயர் மாற்றப் படிவங்களான ஃபார்ம் 29-ஐயும் 30-ஐயும் காட்டி, "பெயர் மாற்றம் என் பொறுப்பு" என்பார். நம்பாதீர்கள். பழைய வண்டி வியாபாரம் செய்பவர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் விதி. வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை உரிமையாளர் ஃபார்ம் 29சி-யில் பதிவு செய்ய வேண்டும். இரண்டையும் கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் உரிமையாளரிடம் நீங்களே பேசுங்கள். கார் எத்தனை கை மாறினாலும், விபத்து நடந்தால் ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தெரிந்தால் உங்களைவிட அவர்தான் பெயர் மாற்றத்துக்கு அவசரப்படுவார். அவர் நம்பரைத் தர புரோக்கர் மறுக்கிறார் என்றால் சேஸிஸ் நம்பரைச் சந்தேகப்படுங்கள். டோட்டல் லாஸ் காரின் ஆர்சியையும் சேஸிஸ் நம்பரையும் எடுத்துத் திருட்டுக் காருக்குப் போட்டு விற்கும் கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. பேங்க் கடன் முழுதாக அடைந்து, அதற்கு அத்தாட்சியான ஃபார்ம் 35 வந்துவிட்டதா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

"இன்சூரன்ஸ் இன்னும் இருக்கு" என்பதும் பொய். டோட்டல் லாஸ் பணம் கொடுத்ததோடு அந்த பாலிசி முடிந்தது. காப்பி கையில் இருந்தாலும் செல்லாது.

இவ்வளவையும் வாங்குகிறவன் தலையில் கட்டுவதுதான் எனக்கு ஆத்திரம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று குறித்துவிடுவார்கள், சரிசெய்த பிறகு அது 'ரீபில்ட்' என்று மாறுமே தவிர அடையாளம் போகாது. இங்கே ஆர்சியைப் பார்த்தால் ஷோரூமிலிருந்து நேராக வந்த கார் மாதிரி இருக்கும். உபயோகத்துக்கு ஆகாமல் போன வண்டியின் ஆர்சியை 14 நாளில் ஒப்படைக்க வேண்டும் என்று 1988 சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. ஏலத்திலோ ஆர்சியும் காரோடு சேர்ந்தே போகிறது. டோட்டல் லாஸ் என்று ஆர்சியில் ஒரு வரி சேர்க்க இத்தனை வருடம் எதற்கு?

சரி, அப்படியும் பார்க்கப் போனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்த விளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். சர்வே ரிப்போர்ட் கைக்கு வரும் வரை அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.