வாசகர் கேள்வி – பதில்: குமாரமங்கலம் சுப்பராயனின் சட்டமன்ற வாழ்வு

கேள்வி: சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி வழியாகத்தான் தினமும் வேலைக்குச் செல்கிறேன். அந்த மோகன் குமாரமங்கலத்தின் தந்தை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொன்னார். நம் மாவட்டத்திலிருந்து முதல்வரானவர்கள் ராஜாஜியும் எடப்பாடி பழனிசாமியும் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். எது சரி?
– அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரி. மோகன் குமாரமங்கலத்தின் தந்தை டாக்டர் ப. சுப்பராயன் 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். 1889இல் பிறந்த அவர், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார். அவ்வூர் இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருந்தாலும், 1997இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை சேலத்தோடுதான் இருந்தது. ராஜாஜி அந்தப் பொறுப்புக்கு வந்தது 1937இல் என்பதால், பழைய சேலம் மாவட்டத்திலிருந்து அந்த நாற்காலியில் முதலில் அமர்ந்தவர் சுப்பராயனே.

சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து, டப்ளின் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். மனைவி ராதாபாய் 1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார். பிள்ளைகளில் ஒருவர் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். மோகன் மத்திய உருக்குத் துறை அமைச்சரானார். மகள் பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். பேரன் ரங்கராஜன் குமாரமங்கலத்தைச் சேலம் தொகுதி மக்கள் மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். இப்படி ஒரு புகழ்பெற்ற குடும்பத்தின் மூத்தவராக மட்டுமே சுப்பராயனை நாம் நினைவில் வைத்திருக்கிறோம் என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். சட்டமன்றத்தில் அவர் செய்தவை தனியே பேசப்பட வேண்டியவை.

கேள்வி: சுப்பராயன் எந்தக் கட்சியிலும் இல்லாமலே முதல்வரானார் என்று படித்தேன். பெரும்பான்மை இல்லாத ஒருவர் நான்கு ஆண்டுகள் ஆட்சி நடத்தியது எப்படி?
– அம்மாப்பேட்டை வாசகர்

பதில்: அன்றைய அரசியலமைப்பைப் புரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கிடைக்கும். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணங்களில் இரட்டை ஆட்சி நடந்தது. நிதி, காவல் போன்ற துறைகள் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமும், கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் போன்றவை சட்டசபையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று அமைச்சர்களிடமும் இருந்தன. சபையில் 98 பேர் தேர்தலில் வென்று வந்தவர்கள். 34 பேர் நியமனம் பெற்றவர்களும் அதிகாரிகளும் ஆவர். 1926 தேர்தலில் காங்கிரசின் சட்டசபைப் பிரிவாக இயங்கிய சுயராஜ்யக் கட்சி 41 இடங்களையும், அதுவரை ஆண்ட நீதிக்கட்சி 21 இடங்களையும் பெற்றன. இரட்டை ஆட்சியில் பதவி ஏற்பதில்லை என்பது காங்கிரசின் முடிவு என்பதால், பெரிய கட்சியான சுயராஜ்யக் கட்சி அமைச்சரவை அமைக்க மறுத்துவிட்டது. நீதிக்கட்சிக்கோ எண்ணிக்கை போதவில்லை. இந்த நிலையில்தான் ஆளுநர் கோஷன் பிரபு சுயேச்சையான சுப்பராயனை அழைத்து, நியமன உறுப்பினர்களின் ஆதரவையும் அவருக்குக் கிடைக்கச் செய்தார். சுயராஜ்யக் கட்சியினர் தாங்கள் ஆட்சியில் அமராவிட்டாலும், நீதிக்கட்சி திரும்பி வருவதைவிட இவர் இருப்பது மேல் என்று கருதித் தொடக்கத்தில் அவரைக் கவிழ்க்காமல் விட்டார்கள்.

1928இல் இந்தக் கணக்கு முழுவதும் மாறியது. இந்திய அரசியலமைப்பை ஆராய பிரிட்டன் அமைத்த, இந்தியர் ஒருவர்கூட இடம்பெறாத சைமன் குழுவைப் புறக்கணிக்க வேண்டும் என்று சபை தீர்மானித்தபோது, அமைச்சர்கள் ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் புறக்கணிப்பின் பக்கம் நின்று பதவி விலகினார்கள். சுப்பராயன் அவர்களோடு நிற்கவில்லை. அவர்களுக்குப் பதிலாக எஸ். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் அமைச்சர்களானார்கள். ஆளுநர் நீதிக்கட்சியைச் சேர்ந்த கிருஷ்ணன் நாயரைத் தம் நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொள்ள, நேற்றுவரை எதிர்த்த, பனகல் அரசர் தலைமையிலான அந்த நீதிக்கட்சியே ஆதரவுக் கட்சியானது. ஒரே சபையில் முதலில் ஒரு பக்கத்தையும் பின்னர் அதற்கு நேரெதிர்ப் பக்கத்தையும் துணையாகக் கொண்டு பதவிக்காலத்தை முடித்த முதல்வர் அவர்.

கேள்வி: அப்படியானால் அவர் ஆளுநரின் கைப்பாவை என்று சொல்வதில் என்ன தவறு? பாரதியாரின் பாடல்கள் பறிமுதல் செய்யப்பட்டதும் அவர் காலத்தில்தானே?
– ஓமலூர் வாசகர்

பதில்: கைப்பாவை என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது, அதில் பாதி உண்மை உண்டு. ஆளுநரின் துணையில்லாமல் அவர் ஓர் ஆண்டுகூட நீடித்திருக்க முடியாது. சைமன் குழு விஷயத்தில் அவர் எடுத்த நிலை, நாட்டு மக்களின் உணர்வுக்கு மாறானது என்பதே என் கருத்து. விலகிய இரு அமைச்சர்களின் முடிவே மதிப்புக்குரியது.

பாரதியார் பாடல்கள் 1928இல் பறிமுதல் செய்யப்பட்டபோது சத்தியமூர்த்தி சபையில் அதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார்; அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. காவல்துறை அமைச்சர்களின் கையில் இல்லை, அது ஆளுநரின் குழுவைச் சேர்ந்தது என்பதைச் சுப்பராயனுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். ஆயினும் அமைச்சர்களின் தலைவராக இருந்தவருக்கு அதில் பொறுப்பே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்றொரு பாதியையும் பார்க்க வேண்டும். அரசுப் பணிகளில் வகுப்புவாரிப் பங்கீட்டுக்கான ஆணைகளை நீதிக்கட்சி 1921 முதலே பிறப்பித்திருந்தும், அவை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. பன்னிரண்டு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணர், முஸ்லிம்கள், கிறித்தவர்–ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்குத் தலா இரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்று என்று வகுத்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இந்த அமைச்சரவையில் இருந்த முத்தையா முதலியார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சபையின் துணைத் தலைவராக அமர்ந்து, பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் போராடியதும் இதே சபையில்தான். தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கும் திருத்தம் 1929இல் நிறைவேறியது. வெறும் கைப்பாவை ஆட்சியில் இவை நடந்திருக்காது.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துவருகிறேன். தேர்வாணையத்துக்கும் சுப்பராயனுக்கும் தொடர்பு உண்டா?
– ஆத்தூர் வாசகி

பதில்: உண்டு. 1929இல் சென்னைச் சட்டசபை நிறைவேற்றிய தனிச் சட்டத்தின்படி உருவான சென்னை அரசுப் பணி ஆணையமே இன்றைய தேர்வாணையத்தின் முன்னோடி. இந்திய மாகாணங்களில் முதன்முதலாக அமைந்த பணி ஆணையமும் அதுவே. அப்போது முதல்வராக இருந்தவர் சுப்பராயன்.

கேள்வி: ஏற்காடு இன்று பழங்குடியினருக்கான தனித் தொகுதி. சுப்பராயன் காலத்தில் எங்கள் மலைமக்களுக்கு வாக்குரிமை இருந்ததா?
– ஏற்காடு வாசகர்

பதில்: சேர்வராயன் மலையில் மட்டுமன்றி மாகாணம் முழுவதும் வாக்குரிமை ஒரு சிறு பகுதியினருக்கே இருந்தது. நிலவரியோ வேறு வரியோ குறிப்பிட்ட அளவு செலுத்துவோர், சொத்துள்ளோர் போன்றவர்களே வாக்காளர்கள் என்பதால், காட்டையும் சிறு புன்செய் நிலத்தையும் நம்பி வாழ்ந்த மலையாளி என்னும் பழங்குடியினரின் குடும்பங்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு வெளியேதான் இருந்திருக்க முடியும். அதே சபையில் ஜமீன்தார்களுக்குத் தனியே ஆறு இடங்களும் தோட்ட முதலாளிகளுக்குத் தனியே ஓர் இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. காபித் தோட்டத்தின் உரிமையாளருக்குத் தனித் தொகுதி இருக்க, அத்தோட்டத்தில் வேலை செய்தவருக்கு வாக்கே இல்லாதிருந்த அந்த அநீதியை மறந்துவிட்டு அக்காலச் சட்டமன்றவாதிகளை மதிப்பிட முடியாது. வயது வந்த அனைவரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் 1952இல் நிறைவடைந்தது. இன்று தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சட்டமன்றத் தொகுதிகள் இரண்டு: உங்கள் ஏற்காடும், கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலமும்.

கேள்வி: காங்கிரசை எதிர்த்து ஆட்சி நடத்தியவர் பின்னர் காங்கிரஸ் அமைச்சராகவும் ஆனார். இதைப் பதவிக்காகக் கட்சி மாறியதாகக் கொள்ளலாமா?
– சங்ககிரி வாசகர்

பதில்: தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்படிக் கொள்ள முடியவில்லை. 1930 தேர்தலுக்குப் பின் நீதிக்கட்சியின் முனுசாமி நாயுடு முதல்வராக, சுப்பராயன் எதிர்வரிசைக்குச் சென்றார். பதவி ஏதும் இல்லாத அந்த நாட்களில்தான் தம் வாழ்வின் மிகச் சிறந்த பணியை அவர் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோருக்கான சட்டமன்ற இடங்கள் குறித்துக் காந்தியடிகளுக்கும் அம்பேத்கருக்கும் இடையே பூனா ஒப்பந்தம் ஏற்பட்ட சில வாரங்களில், 1932 நவம்பரில், தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில்களைத் திறந்துவிட வேண்டும் என்ற தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. அடுத்து ஆலயப் பிரவேச மசோதா ஒன்றையும் தயாரித்தார். சமயம் தொடர்பான சட்டத்தை மாகாணச் சபையில் கொண்டுவர வைஸ்ராயின் முன் அனுமதி தேவைப்பட்டது. எரவாடா சிறையிலிருந்த காந்தியடிகள் அதற்கு ஆதரவாக எழுதியும், 1933 ஜனவரியில் வெலிங்டன் பிரபு அனுமதி மறுத்துவிட்டார். காந்தியடிகளுடனும் ராஜாஜியுடனும் சுப்பராயன் நெருங்கியதும், காங்கிரசில் சேர்ந்ததும் இந்தப் போராட்டத்தின் ஊடாகவே. காங்கிரஸ் பதவி ஏற்குமா என்பதே தெரியாத காலம் அது.

1937இல் ராஜாஜி அமைச்சரவையில் அவர் கல்வி, சட்டத் துறைகளுக்கு அமைச்சரானார். முதல்வராக இருந்த ஒருவர், தம் மாவட்டத்துக்காரரின் கீழ் அமைச்சராக இருக்கச் சம்மதித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த அமைச்சரவை முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்ததும் இருவருக்கும் சொந்தமான சேலம் மாவட்டத்தில்தான். நாள் 1937 அக்டோபர் 1. 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபின், அதற்குச் சட்டப் பாதுகாப்பளித்த ஆலயப் பிரவேசச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் வைஸ்ராய் தடுத்த கதவு, சுப்பராயன் அமைச்சராக இருந்த அரசின் சட்டத்தால் திறந்தது. பிறகு 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் அவர் உள்துறைப் பொறுப்பில் இருந்தபோது, தேவதாசி முறையைத் தடைசெய்யும் சட்டமும் நிறைவேறியது.

கேள்வி: 1938இல் கட்டாய இந்தி வந்தபோது கல்வி அமைச்சர் அவர்தானே?
– சேலம் வாசகர்

பதில்: ஆம், அந்த முடிவின் பொறுப்பில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் 1955இல் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்தபோது, இந்தியை விரைந்து ஆட்சிமொழியாக்கும் பரிந்துரைகளை ஏற்காமல், வங்கத்து மொழியறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜியைப் போலவே அவரும் மாறுபட்ட தனிக் குறிப்பு எழுதினார். தாம் பங்கேற்ற ஒரு முடிவின் விளைவுகளைக் கண்டபின், இந்தி பேசாத மக்களின் அச்சத்தை ஆவணத்தில் பதிவுசெய்யும் துணிவு அவருக்கு இருந்தது.

கேள்வி: அவருடைய சட்டமன்ற உரைகளை எங்கே படிக்கலாம்?
– ஏற்காடு வாசகி

பதில்: சென்னைச் சட்டசபையின் நடவடிக்கைக் குறிப்புகள் ஆங்கிலத்தில் தொகுதிகளாக அச்சிடப்பட்டன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம். 1928ஆம் ஆண்டுத் தொகுதிகளையும் 1932 நவம்பர் மாதத் தொகுதியையும் முதலில் எடுங்கள். சைமன் குழு, பாரதியார் பாடல்கள், ஆலயப் பிரவேசம் ஆகிய மூன்று விவாதங்களும் அவற்றில் அடங்கும்.