பாலைக் குறைக்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள்

ஒரு வருட வீட்டுச் செலவுக் கணக்கைக் கூட்டிவிட்டு, மிச்சம் பிடிக்கப் பாலையும் காய்கறியையும் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. உங்கள் கணக்கில் கோடைக் கரண்ட் பில்தான் துருத்திக்கொண்டு நிற்கிறது. 2022-இல் வந்த கட்டண முறையில், இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறும், அன்றைக்கு 2.25 ரூபாய் 4.50 ஆனது. ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, நடுவில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். 510-க்கும் 495-க்கும் பில்லில் நல்ல வித்தியாசம்.

அப்புறம் மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், காசிமேட்டில் விலை ஏறத்தான் செய்யும். அந்த இரண்டு மாதம் முட்டை, கருவாடு போதும் (வஞ்சிரம் இல்லாத ஞாயிறா என்று வீட்டில் கேட்பார்கள், சமாளியுங்கள்). பள்ளிக் கட்டணத்தையும் தீபாவளித் துணியையும் 12-ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்கிவிட்டால், ஜூன் மாதம் நகை அடகுக் கடைக்குப் போகாது.