விவாகரத்து சம்மன் வந்துவிட்டது, வக்கீல் வைக்கப் பணமில்லை

சகோதரி, கணவர் சென்னையில் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறார், உங்களுக்கு மாதம் 12,000 சம்பளம் வருவதால் நெல்லையில் இலவச வக்கீல் தரமாட்டார்கள் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12-ன்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. காவலில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

நாளைக்கே, இலவச வக்கீல் தரும் உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். சம்மன், கூட வந்த மனு நகல், ஆதார், கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இலவச வக்கீல் கேட்டு அங்கே மனு கொடுத்து, அதற்கு அத்தாட்சி கேட்டு வாங்குங்கள். முதலில் விசாரிக்க வேண்டுமானால் சட்ட உதவித் தொலைபேசி எண் 15100-க்குப் பேசலாம்.

பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? வக்கீல் நியமனம் ஆகட்டும் என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும், அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் ஓட வேண்டும். தயவுசெய்து நீதிமன்றத்துக்கு நேரில் போய், சட்ட உதவிக்கு விண்ணப்பித்திருப்பதைச் சொல்லி அவகாசம் கேளுங்கள்.

வக்கீல் கிடைத்ததும் வழக்கை நெல்லைக்கு மாற்றித்தர உயர் நீதிமன்றத்தில் மனுப்போடச் சொல்லுங்கள். இந்து திருமணச் சட்டத்தின்படி நடக்கும் வழக்கென்றால் அதன் பிரிவு 24-ன் கீழ் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். ஆணைக்குழு தந்த வக்கீல் ஃபீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள்.