அனுமதி இல்லாதவர்களுக்கு ஃபோல்டரின் பெயரே தெரியாமல் செய்வது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான்: விண்டோஸ் ஃபைல் சர்வரில் ஒரே ஷேருக்குள் (நெட்வொர்க்கில் பகிர்ந்து வைத்த ஃபோல்டருக்குள்) எல்லாத் துறைகளின் ஃபோல்டர்களும் இருக்கின்றன. அடுத்த துறைக்காரர் திறக்கப் போனால் 'ஆக்சஸ் டினைடு' வருகிறது, ஆனால் பெயர்கள் எல்லோருக்கும் தெரிகின்றன. மறைக்க முடியுமா?

முடியும், மறைக்கவும் வேண்டும். 'ஆட்குறைப்புப் பட்டியல்' என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் படிக்கத் தேவையில்லை. அந்தப் பெயரே அலுவலகம் முழுக்கப் பேச்சாகிவிடும்.

இதற்கான வசதியின் பெயர் ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷன். விண்டோஸ் சர்வர் 2003 சர்வீஸ் பேக் 1 காலத்திலேயே வந்துவிட்டது. 2012 முதலான பதிப்புகளில் சர்வர் மேனேஜரைத் திறந்து, ஃபைல் அண்டு ஸ்டோரேஜ் சர்வீசஸ், ஷேர்ஸ் என்று போய், அந்த ஷேரின் பிராப்பர்ட்டீஸில் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு டிக் போட்டால் சரி. படிக்கும் உரிமை இல்லாத ஃபோல்டரும் ஃபைலும் அந்த யூசருக்குப் பட்டியலிலேயே வராது.

டிக் போட்டும் சில ஃபோல்டர்கள் மறையவில்லை என்றால், என்டிஎஃப்எஸ் பெர்மிஷனை, அதாவது டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர், ஃபைல் மீதே வைக்கும் உரிமையைப் பாருங்கள். பெரும்பாலும் யூசர்ஸ் குரூப்புக்கு மேல் ஃபோல்டரிலிருந்து ரீட் உரிமை வழிவழியாக இறங்கிக்கொண்டிருக்கும். நான் இப்படித்தான் அமைப்பேன்: ஷேரின் தலை ஃபோல்டரில் அட்வான்ஸ்டு செக்யூரிட்டிக்குப் போய் டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ் கொடுங்கள். அது கேட்கும்போது 'கன்வெர்ட்' என்பதையே தேர்ந்தெடுங்கள். 'ரிமூவ்' கொடுத்தால் மேலிருந்து வந்த அட்மின் உரிமையும் சேர்ந்து போய்விடும். அப்புறம் யூசர்ஸ் குரூப்பை எடுத்துவிட்டு, டொமைன் யூசர்ஸுக்கு (அலுவலக நெட்வொர்க்கின் யூசர் கணக்குகள் எல்லாம் உள்ள குரூப்) ரீட் மட்டும் கொடுத்து, அது எதற்குப் பொருந்தும் என்ற இடத்தில் 'திஸ் ஃபோல்டர் ஒன்லி' என்று வையுங்கள். எல்லோரும் வாசலுக்குள் வரலாம், ஆனால் அந்த உரிமை கீழே இறங்காது. ஒவ்வொரு துறை ஃபோல்டரிலும் அந்தத் துறையின் குரூப்பை மட்டும் சேருங்கள். நாளை புதிதாக ஒரு ஃபோல்டர் உருவானாலும் அது தானாகவே மற்றவர்களுக்கு மறைந்திருக்கும். இந்த ஒரு அமைப்புக்காகச் செலவிடும் நேரம் வீண் போகாது.

தனித்தனி ஆட்களின் பெயரில் உரிமை கொடுக்காதீர்கள், எப்போதும் குரூப் வழியாகவே கொடுங்கள். குரூப்பில் சேர்த்த பிறகும் ஒருவருக்கு ஃபோல்டர் தெரியவில்லை என்றால், அவரை லாக் ஆஃப் செய்து மீண்டும் உள்ளே வரச் சொல்லுங்கள். பழைய லாகினுக்குப் புது குரூப் தெரியாது.

ஷேர் பெர்மிஷன் (நெட்வொர்க் வழியாக ஷேருக்குள் வருவதற்கான உரிமை), என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். அதனால் ஷேரில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு (முறைப்படி லாகின் செய்தவர்களுக்கு) சேஞ்ச், அதாவது படிக்கவும் மாற்றவும் உரிமை என்று தளர்வாக வைத்துவிட்டு, கட்டுப்பாட்டையெல்லாம் என்டிஎஃப்எஸ்ஸிலேயே வைப்பது நல்லது. இரண்டு இடத்திலும் இறுக்கினால் பிறகு எங்கே அடைபட்டது என்று தேடியே பொழுது போகும்.

மூன்று நான்கு அடுக்குக்குக் கீழே இருக்கும் ஒரு ஃபோல்டருக்கு மட்டும் வெளியாள் ஒருவருக்கு உரிமை கொடுத்தால், இடையில் உள்ள ஃபோல்டர்கள் அவருக்குத் தெரியாது. கிளிக் செய்து அங்கே போய்ச்சேர முடியாது. அதை மேல்மட்டத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

பெயர் முடிவில் டாலர் குறி போட்டால் போதும் என்றும் சிலர் சொல்வார்கள். அது ஷேரின் பெயரைப் பட்டியலிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான். பெயர் தெரிந்தவர் தட்டச்சு செய்து வந்துவிடலாம், அதைப் பாதுகாப்பாக எண்ணாதீர்கள்.

லினக்ஸில் சாம்பா (விண்டோஸ் கணினிகளுக்கும் ஃபைல்களைப் பகிரும் மென்பொருள்) வைத்திருந்தால், அந்த ஷேரின் அமைப்பில் 'ஹைட் அன்ரீடபிள்' என்பதற்கு 'யெஸ்' கொடுங்கள், இதே வேலையைச் செய்யும்.

சோதிக்கும்போது அட்மின் கணக்கில் பார்க்காதீர்கள். சர்வரிலேயே உட்கார்ந்து அதன் டிரைவைத் திறந்தும் பார்க்காதீர்கள். இந்த மறைப்பு நெட்வொர்க் வழியாக வருபவர்களுக்கு மட்டுமே. ஒரே ஒரு குரூப்பில் இருக்கும் சாதாரண யூசர் கணக்கில், வேறொரு கணினியிலிருந்து ஷேரைத் திறந்து பாருங்கள்.